லாக் போட்டாச்சு

என் தங்கச்சி புருஷனுக்குக் கப்பலில் வேலை, இன்ஜின் ரூமில். வருஷத்தில் பாதி கடல், பாதி ராயபுரம். கரையில் இருக்கும் பாதியில் வீட்டில் படுக்கிறாரோ இல்லையோ, தன் காருக்கு அடியில் படுத்துக் கிடப்பார். மரியாதைக்காக 'அவர்' என்று எழுதுகிறேன். நேரில் நீ, வா, போதான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். என் தங்கச்சியைக் கட்டிய பிறகு நான் மாப்ள என்கிறேன், அவர் மச்சான் என்கிறார். மற்றபடி பழைய சண்டை அப்படியே நடக்கிறது.

அந்தக் கார் ஒரு காலத்தில் கல்யாண மாப்பிள்ளைகள் ஏறி ஊர்வலம் போன நீள மூக்குக் கார். பின்சக்கரம் தள்ளுகிற ஜாதி. அதன் பழைய இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு ஜப்பான் இன்ஜினை இறக்கி, அதன் பக்கத்தில், காற்றை அழுத்தி உள்ளே திணித்து வேகம் கூட்டுகிற டர்போவையும் மாட்டியிருந்தார். முன்னூறு குதிரை சக்தி என்பார். எவன் எண்ணிப் பார்த்தான்? ஆனால் மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும், அது உண்மை.

எனக்குத் தண்டையார்பேட்டையில் ஒர்க்ஷாப். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் டிரைலர்களின் பின் ஆக்சில்தான் என் சோறு. ஆக்சிலின் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஓர் உருண்டை தொங்குமே, அதற்குள்தான் டிஃபரன்ஷியல் இருக்கும். எங்கள் பக்கத்தில் கிரவுன் என்றால்தான் புரியும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் கொஞ்சம் ஓடினால் போதும். ரெண்டையும் அதனதன் போக்கில் விடுவது கிரவுனின் வேலை. அதில் ஒரே ஒரு கோளாறு. எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ, அந்தச் சோம்பேறிக்கே இன்ஜினின் பலம் முழுக்கப் போய்ச் சேரும்.

முன்னூறு குதிரையை அந்தப் பழைய கிரவுன் எத்தனை நாள் தாங்கும்? எண்ணூர் ரோட்டில் ஒரு நாள் சிக்னலில் மிதித்தபோது உள்ளே இருந்த சின்னப் பல்சக்கரங்கள் நொறுங்கிப்போயின. நான் ஒரு பிக்கப் வண்டியின் தடித்த ஆக்சிலைத் தேடிப் பிடித்து வெட்டி, அளவெடுத்து, காருக்குப் பொருத்திக் கொடுத்தேன். வெளிக்கூடு இனி உடையாது. அந்தக் கூட்டுக்குள் என்ன போடுவது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு ஆரம்பித்தது.

வழி மூன்று. சாதாரணக் கிரவுனையே போட்டுவிட்டு, ஒற்றைச் சக்கரம் புகைவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அல்லது, தேவைப்படும்போது ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்து மற்ற நேரத்தில் விட்டுவிடுகிற வகை ஒன்று இருக்கிறது, பாதி லாக் என்போம், அதைப் போடலாம். மூன்றாவது முழு லாக்: உள்ளே இருக்கும் பல்சக்கரங்களை ஒன்றோடொன்று வெல்டு அடித்துவிடுவது. அதன் பிறகு ரெண்டு சக்கரமும் ஒரே சுற்றுதான், வளைவோ நேரோ எதுவும் அதற்குத் தெரியாது. கன்டெய்னர் யார்டுக்குள்ளேயே கிடந்து சேற்றில் பெட்டி இழுக்கும் டிராக்டர்களுக்கு எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்வார்கள். மெயின் ரோட்டில், அதுவும் மழையில், அந்த வண்டியில் ஏறுகிறவனுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

மாப்பிள்ளைக்கு இது தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். இவ்வளவு பெரிய கப்பலின் இன்ஜினைப் பிரித்து மாட்டுகிற ஆள். பாதி லாக்கில் இறுக்கமான, பிளேட் வைத்த வகையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கச் சொல்லியிருந்தார். பொருள் வந்துவிட்டது என்றார்கள், கன்டெய்னரோடு துறைமுகத்துக்குள் நிற்கிறது என்றார்கள், இன்னும் வெளியே விடவில்லை என்றார்கள். தெருமுனைக்குப் போனால் கிரேன் தெரிகிறது, கப்பல் தெரிகிறது, நம் பொருள் மட்டும் வரமாட்டேன் என்கிறது. அவர் மறுபடி கப்பல் ஏற வேண்டிய நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவருக்கு.

எனக்குக் கவலை வேறு. இவர் ஏறிப் போய்விடுவார், வண்டி? வண்டியை ஓட்டப் போவது என் தங்கச்சி. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் அவளுக்கு வேலை. காலையில் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கடலோரமாகப் போய், மத்தியானம் ஷிப்ட் முடிந்து அதே ரோட்டில் திரும்புவாள். அந்த ரோட்டை ராயபுரத்துக்காரனுக்கு விளக்கத் தேவையில்லை. துறைமுக கேட்டுக்காகக் காத்திருக்கும் டிரைலர்கள் பாதி ரோட்டை அடைத்திருக்கும். அவை சிந்திய ஆயிலும் கரித்தூளும் தார் மேல் படிந்திருக்கும். ஒரு தூறல் விழுந்தால் போதும், ரோடு முழுக்க வெண்ணெய். அந்த ரோட்டில், முன்னூறு குதிரையோடு, என் கூடப் பிறந்தவள். நல்லா ஓட்டுவாள், எங்கள் ரெண்டு பேரையும் விட நிதானம். இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள் உதறல்தான்.

அவள் வேலையைச் சொல்ல வேண்டும். யார்டின் வெளி கேட்டில் நிற்பாள். டிரைலர் மேல் ஏற்றிய பெட்டியின் நாலு மூலையிலும் நாலு லாக் இருக்கும். அதைத் திருகி மாட்டினால்தான் பெட்டி வண்டியோடு ஒட்டி நிற்கும். மாட்டாமல் வளைவில் திரும்பினால் பெட்டி தனியாகச் சரிந்து பக்கத்தில் போகிறவன் மேல் விழும். ஒவ்வொரு வண்டியையும் சுற்றிவந்து நாலையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் கேட்டைத் திறக்கச் சொல்வாள். நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வருகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: லாக் போட்டாச்சா? டிரைவர்கள் அவளுக்கு லாக் மேடம் என்றே பேர் வைத்திருந்தார்கள். வீட்டிலும் சிலிண்டரை மூடினாயா என்பதற்கு லாக் போட்டியா என்றுதான் கேட்பாள்.

அன்றைக்குக் காலையில் வெயில். மத்தியானம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. நான் ஒரு டிரைலரின் ஹப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார், முகமெல்லாம் சிரிப்பு. கார் வைத்திருக்கிறவர் ஷேர் ஆட்டோவில் வந்தால் கேட்கத்தானே தோன்றும், வண்டி எங்கே என்றேன். அவள் காலையில் எடுத்துக்கொண்டு போனாள் என்றார். கிரவுன் இல்லாத வண்டியில் எப்படிப் போனாள் என்று கேட்டேன்.

அதற்குள் அவர் கதையை அவிழ்த்துவிட்டார். முந்தின நாள் இரும்புத் தகடு வாங்கச் சாத்தாங்காட்டுக்குப் போயிருக்கிறார். போகும்போதே பிக்கப் ஆக்சிலோடு வந்த கிரவுனையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே யார்டு டிராக்டர்களுக்கு வெல்டு அடிக்கிற ஆள் ஒருவர் இருக்கிறாராம். பேச்சு வாக்கில் கொடுத்து, வெல்டு அடித்து வாங்கி, அன்றைக்கே வண்டியில் மாட்டியும் விட்டார். பாதி லாக் வெளியே வருகிற வரைக்கும்தானே மச்சான் என்றார். காய்ந்த ரோட்டில் ஓட்டிப் பார்த்தாராம், அம்சமாகப் போகிறதாம்.

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டேன். மழை கூரை ஷீட்டின் மேல் கொட்டுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அவகிட்ட இன்னான்னு சொல்லி வண்டிய குட்த்த?"

"லாக் போட்டாச்சுன்னு சொன்னேன் மச்சான். அப்பாடா, இனிமே பயமில்லன்னு சந்தோஷமா எட்த்துகினு போனா."

சொல்லி முடிக்கும்போதே அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. நானும் அவரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைப் பார்த்தோம். லாக் போட்டாச்சு என்றால் அவளுக்கு என்ன அர்த்தம்? வளைவில் சரியாது, தைரியமாகத் திருப்பலாம் என்று அர்த்தம். அதை அவள் நாள் முழுக்கக் கையால் தொட்டுப் பார்த்து நம்புகிறவள். இங்கே வெல்டு அடித்து வைத்திருப்பது ஈர வளைவில் வண்டியின் பின்பக்கத்தைப் பிடுங்கி எறிகிற லாக். ரெண்டுக்கும் ஒரே பேர். எந்த ஊரிலும் இந்தக் குழப்பம் வந்திருக்காது, எங்கள் ஊரில் வந்து தொலைத்தது.

போன் அடித்தோம். எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டாள், அது அவள் ஒழுங்கு. யார்டு கேட்டுக்கு அடித்தேன். மேடம் கிளம்பிட்டாங்களே என்றான் செக்யூரிட்டி, அவ்வளவு சாதாரணமாக.

என் பைக்கில் ரெண்டு பேரும் ஏறினோம். வழியெல்லாம் நான் அவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். எழுத முடியாத வார்த்தைகள்.  என் தோளைப் பிடித்திருந்த அவர் கை இறுகிக்கொண்டே வந்தது. காசிமேட்டுப் பக்கம் ஓர் இடத்தில் கூட்டமாக ஆட்கள் நின்றார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. கிட்டே போனால், ஐஸ் பெட்டி ஏற்றிய மீன் வண்டி பஞ்சர், வேடிக்கை பார்க்கிறார்கள்.

நாங்கள் வடக்கே போகிறோம், அவள் தெற்கே வர வேண்டும். நடுவில் தடுப்புச்சுவர். எதிர்ப்பக்கத்தில் டிரைலருக்குப் பின்னால் டிரைலர், மழையில் பெட்டிகளின் நிறம் மட்டும்தான் தெரிகிறது. அந்தச் சந்துகளில் அவள் கார் வருகிறதா என்று மாப்பிள்ளை பார்க்க, நான் ரோட்டைப் பார்க்க, போய்க்கொண்டே இருந்தோம். மாதாவே, அவளைக் கொண்டு வந்து சேர்த்துவிடு என்று என் பின்னால் அவர் முணுமுணுப்பது கேட்டது. வேளாங்கண்ணிக்குக் கூப்பிட்டாலே வராத ஆள்.

கல் கொட்டிய கரையை ஒட்டி ரோடு வளைகிற இடத்தில் அதைப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்து ரோட்டில் ஒரு கார், எங்களோடு சேர்ந்து வடக்கே பார்த்து நின்றுகொண்டிருந்தது. வந்த திசைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு. நீள மூக்கு. அதற்கு நேர் எதிரே ஒரு டிரைலர், கோணலாக. ரெண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் இடம்.

பைக்கைப் போட்டுவிட்டுச் சுவரைத் தாண்டி ஓடினோம். கண்ணாடிக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். ரெண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது. இன்ஜின் அணைந்திருந்தது, வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினாள். ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, மழையில் எவனுக்கும் தெரியாது என்று அழுதுகொண்டேன்.

"நான் ஒண்ணியும் பண்லண்ணா. வளைவுல ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எட்த்தேன், அவ்ளோதான்" என்றாள்.

டிரைலர் டிரைவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். வயசான மனுஷர். மேடம் தன்னை முந்திக்கொண்டு போனதாகவும், வளைவில் கார் பம்பரம் மாதிரி சுற்றித் தன்னைப் பார்த்து நின்றதாகவும், தான் பிரேக்கை ஏறி மிதித்துத் திருப்பியதில் வண்டியே ஒரு பக்கம் தூக்கி இறங்கியதாகவும் சொன்னார். பிறகு பெட்டியைக் காட்டினார். உங்க கேட்லேர்ந்து வந்த பெட்டிதான் மேடம், நீங்கதான் தொட்டுப் பார்த்து விட்டீங்க, லாக் மட்டும் இல்லன்னா இந்நேரம் இது உங்க தலை மேல என்றார்.

அவள் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"அதுலயும் லாக், இதுலயும் லாக். அது காப்பாத்திச்சு, இது தூக்கி எறிஞ்சுது. ரெண்டுக்கும் ஒரே பேர வெச்சிகினு என் கையில வண்டிய குட்த்திருக்கீங்க. நீயும்தாண்ணா."

நானும்தான். பாதி லாக், முழு லாக் என்று அவள் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டே எத்தனை தடவை பேசியிருப்பேன்? மாப்பிள்ளை நனைந்த பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.  டயர் தேய்ந்த கோடு மழைத்தண்ணீருக்கு அடியில் வளைந்து தெரிந்தது. அதன் கூடவே நடந்துபோய், அது முடிகிற இடத்தில், டிரைலரின் சக்கரத்துக்குக் கிட்டே, அப்படியே தண்ணீரில் குந்திவிட்டார்.

காரை நான் ஓட்டி வந்தேன், மாட்டு வண்டி வேகத்தில். ஒவ்வொரு திருப்பத்திலும் உள்சக்கரம் கீச்சிட்டு இழுபட்டது. அவர்கள் ரெண்டு பேரும் பைக்கில் எனக்கு முன்னால் போனார்கள்.  அவள் அவர் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டிருந்தாள்.

மறுநாள் அந்த வெல்டு அடித்த சனியனைக் கழற்றி மூலையில் வீசினேன். சொல்லி வைத்த மாதிரி அதே வாரத்தில் துறைமுகத்திலிருந்து பிளேட் வைத்த பாதி லாக்கும் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை அட்டைப்பெட்டியைப் பிரித்து என் மேஜை மேல் வைத்தார். பார்க்க நகை மாதிரி பளபளவென்று இருந்தது. வழக்கம்போல நாங்கள் ரெண்டு பேரும் குனிந்து, இறுக்கம் எவ்வளவு வைப்பது, எந்த ஆயில் ஊற்றுவது என்று ஆரம்பித்தோம். அவள் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். அந்த வாரம் முழுக்கப் பஸ்தான். ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மழைல, வளைவுல, பக்கத்துல டிரைலர். நான் பயந்து கால எட்த்துட்டா இது இன்னா பண்ணும்?"

எத்தனை குதிரை, எத்தனை பல், எவ்வளவு தாங்கும் என்று நாங்கள் மாசக்கணக்காகப் பேசியிருக்கிறோம். பயந்து காலை எடுத்தால் என்ன ஆகும் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. நாங்கள் பயப்படுவோம் என்று நாங்கள் நினைத்ததே கிடையாது. மாப்பிள்ளைதான் மெதுவாகச் சொன்னார்: இந்த வகை மிதித்தாலும் ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும், காலை எடுத்தாலும் பிடிக்கும். வெல்டு அடித்தது அளவுக்கு இல்லை, ஆனால் பிடிக்கும்.

அப்போ இது வேணாம் என்றாள். அத்தனை நாள் காத்திருந்து வந்த பொருள். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது, ஆனாலும் எதிர்த்துப் பேசவில்லை. வேறு என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டாள். பிளேட் இல்லாமல் வெறும் பல்சக்கரங்களாலேயே வேலை செய்கிற பாதி லாக் ஒன்று இருக்கிறது என்றேன். மிதிக்கும்போதுதான் நன்றாகப் பிடிக்கும், காலை எடுத்தால் அநேகமாக விட்டுவிடும், சாதாரணக் கிரவுன் மாதிரி சாதுவாகப் போகும். குறையையும் மறைக்கவில்லை. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி அந்தரத்தில் நின்றால் அது கைவிட்டுவிடும், அந்தச் சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நகராது. நம் ரோட்டில் பள்ளத்துக்கா பஞ்சம்?

"பள்ளத்துல மாட்டிகினா நாலு பேர இட்டாந்து தள்ளிக்கலாம். சுத்திகினு போனா யாரு புட்ச்சி நிறுத்துறது?" என்றாள். அத்தோடு முடிந்தது. எழுந்து போகும்போது புருஷனிடம், உன் குதிரைல பாதிய கப்பல்ல ஏத்திகினு போய்டு, எனக்கு மிச்சம் போதும் என்றாள். அவர் அன்றைக்கே டர்போவின் அழுத்தத்தைக் குறைத்து வைத்தார். பளபளத்த அந்த நகையை அட்டைப்பெட்டிக்குள் போட்டுத் திருப்பி அனுப்பினோம்.

அவள் கேட்ட வகை வந்து சேர்வதற்குள் மாப்பிள்ளை கப்பல் ஏறிவிட்டார். நான்தான் மாட்டினேன். மூன்று தடவை பிரித்து மூன்று தடவை அளந்தேன், டிரைலருக்கு நான் அப்படிச் செய்ததே இல்லை. ஒர்க்ஷாப் வாசலில் தண்ணீர் ஊற்றி, சோப்புத்தூள் போட்டு, திருப்பித் திருப்பிக் காலை எடுத்துப் பார்த்தேன். தெருக்காரர்கள் என்னைப் பைத்தியம் என்றார்கள். சாவியை அவளிடம் கொடுத்தபோது லாக் என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. மிதிச்சா புடிக்கும், எட்த்தா உட்டுடும், பள்ளம் பாத்து போ என்று மட்டும் சொன்னேன்.

சில நாள் வெயிலாகவே போனது. பிறகு ஒரு மத்தியானம் வானம் கறுத்து மழை கொட்ட ஆரம்பித்தது, அவள் ஷிப்ட் முடிகிற நேரம் பார்த்து. அந்த நேரத்தில் என் போன் அடித்தது. மாப்பிள்ளை. எந்தக் கடலில், எந்தத் துறைமுகத்தில் நிற்கிறாரோ, குரல் விட்டு விட்டு வந்தது. வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார், வாடகைக்கு விட்ட மாடியைப் பற்றிக் கேட்டார். அதற்கெல்லாம் அவர் போன் செய்கிற ஆள் இல்லை.

"அங்க மழையா மச்சான்?"

ஆமாம் என்றேன். அவ, என்றார். ரோட்டுல கீறா என்றேன்.

அதற்குப் பிறகு ரெண்டு பேரும் போனை வைக்கவில்லை. அவர் பக்கத்தில் இன்ஜின் ஓடுகிற சத்தம், என் பக்கத்தில் மழை. நான் ஷட்டரைத் தாண்டி ரோட்டுக்கு வந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை. டிரைலர் போனது, ஆட்டோ போனது, இன்னொரு டிரைலர் போனது. கடைசியில் தெருமுனையில் நீள மூக்கு திரும்பியது. பின்பக்கம் சத்தமே இல்லாமல் முன்பக்கத்தின் கூடவே வந்தது.

வந்துட்டா என்றேன். அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது. நான் கேட்டேன்னு அவகிட்ட சொல்லாத மச்சான் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கையில் போனோடு நடு ரோட்டில் நிற்கிற அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வண்டி நல்லாதான் கீது. நீங்க ரெண்டு பேருதான் நடுங்கிகினு கீறீங்க" என்றாள்.